எட்டுக்குப் பத்து

நூறடி நாடா, மஞ்சள் நிறம்,
முதல் ஐந்து அங்குலம் தேய்ந்துபோனது.
ஆறாவதிலிருந்து பிடித்து
மறுகா ஐந்தைக் கழிப்பேன்.
மட்டக்களப்பு மாநகர சபை, வருமானப் பிரிவு.
விளம்பரப் பலகை அளப்பவள் நான்.

படிவம் நீளம் கேட்கும், அகலம் கேட்கும்,
இரவில் ஒளிருமா என்று கேட்கும்,
தூண் யாருடைய காணியில் என்று கேட்கும்.
சொல்வது மெய்யா என்று
எந்தக் கட்டமும் கேட்பதில்லை.
சதுர அடிக்கு இவ்வளவு.
பொய்க்கும் அதே விலைதான்;
மெய் வந்தாலும் கழிவு கிடையாது.

கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் கட்டணம் இல்லை,
முப்பத்தொரு நாளைக்கு.
அதில் எல்லாரும் பண்பாளர்கள்.
பார் வீதியில் பெண்சாதியை அடித்துத் துரத்தியவரும்
பார் வீதிச் சந்தியில் பண்பாளர்.
அவர்களை நான் அளப்பதில்லை.

போன சித்திரையில்
திருமலை வீதியில் ஓர் உள்ளாடைப் பலகை.
ஒரு தோள்,
என்னுடையதை விட மெல்லிய ஒரு நாடா.
ஒன்பது மணிக்கு முறைப்பாடு:
ஒரு கோயில், ஒரு தேவாலயம்,
ஆறு வருடம் முகம் பார்க்காத இரண்டு சங்கங்கள்
ஒரே தாளில் கையொப்பம்.
பதினொன்றரைக்கு ஏணி போனது.
"கண்ணை மூடிக்கொண்டு வெட்டு" என்றார்கள் கீழிருந்து.
"மூடினாக் கையெல்லுவா போகும்" என்றார் பேரின்பம்.
பகல் சாப்பாட்டுக்கு முன் நகரம் சுத்தமானது.

அதற்கு முப்பதடி தள்ளி
தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரன் ஒருவன்
நாலு வருடமாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.
ருமேனியா. நாற்பத்தைந்து நாள்.
நூறு வீதம் உத்தரவாதம்.
அவன் யாருக்கும் ஆபாசமாகப் படவில்லை.
கட்டணப் பாக்கியும் இல்லை.

சசிரேகா கன்னன்குடாவிலிருந்து வந்தாள்.
வலையிறவில் பஸ் பழுதாம்,
மிச்சத்தை நடந்தாளாம்.
நாலரை இலட்சம். ஓர் ஏக்கர் ஈட்டில்.
தம்பி கொழும்பில் பதினாறு பேரோடு
ஓர் அறையில் ஏழு மாதம் படுத்துக் கிடந்து
திரும்பி வந்தவன்,
இப்போது சோறு வேண்டுமா என்றாலும் பேசுவதில்லை.
பொலிஸ் பணியகத்துக்குப் போ என்றது.
பணியகம் பற்றுச்சீட்டு எங்கே என்றது.
கந்தோரில் எல்லாரும் என் மேசையைக் காட்டினார்கள்.

அவளிடம் ஒரு படம் மட்டும் இருந்தது, போனில்.
பலகைக்குக் கீழே தம்பி.
மேலே இருப்பவனின் அதே சிரிப்பு.
வலது மூலையை விரலால் பெரிதாக்கினாள்.
மா.ந.ச. அனுமதி. இலக்கம்.
"இது நீங்க போட்டதுதானே, மிஸ்.
சபையே எழுதிக் கிடக்கு எண்டுதான்
காசக் குடுத்த நாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
உப விதியில் தேடினேன்.
ஒழுக்கத்துக்கு அரைப் பக்கம்.
ஏமாற்றுக்கு ஒரு வரி,
அதை யார் நிரூபிப்பது என்பதற்கு அதுவும் இல்லை.

நாடாவை எடுத்துக்கொண்டு வெயிலில் போனேன்.
அனுமதித்தது எட்டுக்குப் பத்து.
இருந்தது எட்டுக்குப் பன்னிரண்டு.
ஐந்து அங்குலம் கழித்து இரண்டு தரம் பார்த்தேன்.
"உத்தரவாதம்" முழுதாக
எல்லைக்கு வெளியே கிடந்தது.

அறிவித்தல். பதினான்கு நாள். ஆணையாளர் கையொப்பம்.
மறுகா ஏணி.
நாலு வருடப் பொய்யை
இரண்டு அடிக்காக இறக்கினோம்.
சசிரேகாவுக்கு அறிவிக்க நினைத்தேன்;
என்னவென்று அறிவிப்பது?
அளவு பிழை என்றா?
களஞ்சியத்தில் கிடக்க வேண்டிய துணியை
பேரின்பம் நெல் மூடக் கொண்டுபோனார்.
நான் பார்க்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் திங்கள் புது விண்ணப்பம்.
போலந்து. முப்பது நாள்.
வெள்ளைக்காரன் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறான்,
உத்தரவாதத்துக்கு இடம் விட வேண்டுமே.
எட்டுக்குப் பத்து.
ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
பணம் கட்டியாயிற்று.
வலது மூலையில் என் இலக்கத்துக்கென்று
வெள்ளையாக, அளந்து,
இடம் விட்டிருக்கிறார்கள்.

முத்திரை மை காய்ந்துபோயிற்று என்று
பக்கத்து மேசையில் சொல்லி வைத்திருக்கிறேன்.
இன்றைக்கு மூன்றாவது நாள்.