இருபது தெத்ரி

மோட்டாரை இன்னும் முடுக்கவில்லை.
திப்லீசியில் ஒரு பழைய குடியிருப்பு,
படி திரும்பும் இடத்தில் குந்தி
கேமராவின் கழுத்தைப் பிடித்திருக்கிறாள் நுட்சா.

விட்டால்
லென்ஸ் தரையை முகர்கிறது.
ஒரு நூல் பின்னே தள்ளினால்
கூரை பார்த்து மல்லாந்துவிடுகிறது.
அரை நூல்.
அதில் பாதி.
இப்போது விட்ட இடத்தில் நிற்கிறது,
கோபித்துக்கொண்ட பூனை மாதிரி.

இடப்பக்கம் மட்டும் சரிவு தீரவில்லை.
தட்டு அதன் எல்லையைத் தொட்டாயிற்று.
வாக்குஷ்டியின் கோட்டுப் பையைத் துழாவி
இருபது தெத்ரிக் காசுகள் இரண்டை
வலப்பக்கம் டேப் போட்டு ஒட்டினாள்.
நின்றது.
"மூச்சு விடாதே" என்றாள் என்னிடம்.

ஏழு மாடி, ஒரே ஷாட்.
வாக்குஷ்டி முன்னால் ஓட
இவள் பின்னால், முட்டி மடக்கி, வாத்து நடையில்.
மைக்கோடு நான்.
நாலாவது தடவைதான் சரி வந்தது.

நள்ளிரவில் வாசல்வரை வந்தபின்
பேட்டரிப் பை மேலேயே கிடப்பது ஞாபகம் வந்தது.
இந்த வீட்டு லிஃப்ட்
காசு போட்டால்தான் ஏறும்.
எல்லோரிடமும் அட்டைதான்.
நுட்சா டேப்பைக் கிழித்து
ஒரு காசை மட்டும் உரித்தாள்.

மறுநாள் பார்த்தோம்,
பதிவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.
சாய்ந்த கூண்டு,
அவிழ்ந்த அவள் ஷூ லேஸ்,
கதவிடுக்கில் ஏழு வெளிச்சம்
ஒவ்வொன்றாய்
இடப்பக்கமே சரிந்து.