ஏழு நொடி

நாகர்கோவிலில், கல்லூரி நிலவறையில்,
எனக்கென்று ஒரு மூலக்கூறு இருந்தது.
ஒன்றே ஒன்று.
பதினோரு நாளாக அதே தங்கத் தரையில்,
அதே மேட்டின் ஓரத்தில்.
இரண்டு நீலத் தட்டுகள், நடுவே ஒரு டெர்பியம் அணு.
தட்டு என்றால் சாயந்தான்.
வடசேரி சந்தையில் விற்கிற வாளிக்கும் மக்குக்கும்
போடுகிற நீலத்தின் நெருங்கிய உறவு.

ஸ்பின் என்றதும்
என்ன சுற்றுகிறது என்று கேட்பார்கள்.
ஒன்றும் சுற்றவில்லை.
மேல், அல்லது கீழ்.
துடிப்பைப் பாதியில் நிறுத்தினால்
இரண்டுக்கும் நடுவே வாய்தா வாங்கிக்கொண்டு நிற்கும்.
ஒரு நுண்ணலைத் துடிப்பில் புரட்டி,
மறு துடிப்பில் திருப்பிப் புரட்டி,
அது என் சொல் கேட்டது என்று காட்டினால்
முனைவர்.

ஹீலியம் வெள்ளிக்கிழமை வரைக்கும்.
அடுத்த கலன் வர ஆறு வாரம்.
உதவித்தொகை நான்கில் நின்றுவிடும்.

புதன் இரவு, ஒன்று நாற்பது.
கோடு நடுங்கியது.
மின்தூக்கியைச் சந்தேகித்தேன், பூட்டியிருந்தது.
ஜெனரேட்டரைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.
பார்வதிபுரம் பாலத்தில்
கேரளத்துக்குக் கல்லேற்றிப் போகும் டாரஸ் லாரிகளோ?
லாரி உதறும்.
இது மூச்சு.
ஏழு நொடிக்கு ஒன்று, தவறாமல்.
ஊசிமுனை அணுப் பருமனில் நூறில் ஒரு பங்கு
ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.
அதற்கே என் மூலக்கூறு
மேல். கீழ். கீழ். மேல்.
யாரிடமும் கேட்காமல்.

சின்னவிளைக்குப் போன் போட்டேன்.
முதல் மணியிலேயே தம்பி ஜெர்வின் எடுத்தான்.
"காத்து உண்டா லே?"
"காத்தா? ஓலை அசையல்ல. ஆனா கடலு கேறிட்டு அக்கா.
கள்ளக்கடலு. கட்டிலுக்க அடியில வெள்ளம் நிக்குது."
பின்னால் சுஜிலா அரிசிச் சாக்கைத் தூக்கச் சொல்லிக் கத்துகிறாள்.
அப்போது நான் கேட்டேன்,
கேட்டிருக்கக் கூடாது:
"அலைக்கும் அலைக்கும் எத்தர நொடி? எண்ணிச் சொல்லு."

திட்டினான். பிறகு எண்ணினான்.
பதினாலு.
மறுபடி பதினாலு.
என் திரையில் ஏழு.

எங்கோ தெற்கே, யாரும் பார்க்காத புயல் ஒன்று
ஒரு வாரம் முன்பு அனுப்பிய அலை.
அது தூண்டில் வளைவுக் கல்லில் மோதித் திரும்பும்.
வருவதும் திரும்புவதும் சந்திக்கும் இடத்தில்
கடலடித் தரை இரட்டை வேகத்தில் அதிரும்.
புத்தகத்தில் படித்தது.
பரீட்சையில் கேட்கவில்லை.

ஜெர்வின் மணல் ஆலையில் காந்த உருளை ஓட்டுகிறான்.
டன் கணக்கில் கறுப்பு ஒருபுறம், வெளுப்பு ஒருபுறம்.
அந்த மணலிலும் டெர்பியம் உண்டு, துளியிலும் துளி.
எனக்கு வந்தது வெளிநாட்டுக் குப்பியில்.
"ஒனக்கு எத்தர உருப்படி அக்கா?" என்று ஒருமுறை கேட்டான்.
ஒண்ணு என்றேன்.
"அதயும் நேரா நிறுத்த முடியல்லியா?"

இரண்டரைக்குச் சண்டையை விட்டேன்.
மூச்சு ஏறி, இறங்கத் தொடங்கும் முன்
கோடு ஒரு கணம் தட்டையாகும்.
துடிப்புக்கு வேண்டியது அதில் கோடியில் ஒரு பங்கு.
அந்தக் கணத்துக்காகக் காத்திரு என்று
பன்னிரண்டு வரி நிரல் எழுதினேன்.
போனை வைக்க மறந்திருந்தேன்.
மேசையில் அது கிடந்து
ஜெர்வின் வீட்டுத் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாற்பது முறை அனுப்பினேன்.
முப்பத்தேழு முறை சொன்னபடி புரண்டது.

சின்னவிளைக்குச் சனிக்கிழமைதான் போனேன்,
ஹீலியம் தீர்ந்த பிறகு.
மெத்தை மதிலில் காய்ந்தது.
ஃபிரிட்ஜைத் திறந்தேன், மணல்.
சுஜிலா சாயா தந்தாள், பேசவில்லை.

"துடிப்புகள் கள்ளக்கடலுடன் ஒத்திசைக்கப்பட்டன"
என்று ஆய்வேட்டில் எழுதினேன்.
வழிகாட்டி அதை அடித்துவிட்டுப்
"புறத் தாழதிர்வெண் இரைச்சல்" என்றார்.
தேர்வாளர்களுக்கு அது போதும்.
அவர்கள் கேட்டதெல்லாம்
மற்ற மூன்று முறை ஏன் என்று.
தெரியாது என்றேன்.
இப்போதும் தெரியாது.