ஐந்தாவது சிடி

காரைக்குடி, செக்காலை ரோட்டில் யூபிஎஸ் கடை.
மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணிவரை கரண்ட் இல்லை.
விற்கிற கடையிலேயே பேட்டரி இறங்கிப்போய்
பழைய விலைப்பட்டியல்தான் விசிறி.

ஜபருல்லா தொடங்கினான்:
"ஃபால்அவுட்தான். நூற்றைம்பது நாளுக்குள்ள
தண்ணிக்கு ஒரு சில்லு தேடணும்.
எங்க தெருக்காரனுக்கு
அதைவிட என்னய்யா கதை வேணும்?"

"பிளேன்ஸ்கேப்ல பிணவறையில கண் முழிக்கிறோமே,
அதுக்கு ஈடு சொல்லு" என்றேன்.
"அது விளையாட்டா? வாசிச்சு வாசிச்சே கண்ணு போச்சு."

சோலையப்பன் வடைத்தாளை மடித்துவிட்டு எழுந்தான்,
பந்தியில் கடைசியாகப் பாயசத்தோடு வருகிறவன்போல.
"பால்டர்ஸ் கேட். அஞ்சு சிடி.
அந்த முடிவு!
வில்லனைக் கொல்லாம
வாளை அவன் காலடியில வச்சிட்டு
மழையில இறங்கி நடக்கிறோமே,
அதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் தூசி."

இரண்டாயிரத்து மூன்றிலிருந்து சொல்கிறான்.
ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் கூடுகிறது.

ஐந்தாவது சிடியில் நக அளவு விரிசல்.
எனக்குத் தெரியும்.
இரவல் வாங்கிக் கீழே போட்டவளே நான்தான்;
சொல்லாமல் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
பிறகு மதுரையில் வேறு பிரதி வாங்கி
முடித்தும் பார்த்துவிட்டேன்:
கொல்லத்தான் வேண்டும்.
மழை இல்லை.
வாளைக் கீழே வைக்க வழியே இல்லை.

"உமையா, முடிவாச் சொல்லு, எது?"

விலைப்பட்டியலை வேகமாக விசிறினேன்.
"இவன் சொல்றதுதான்."
"இப்பத்தானே பிளேன்ஸ்கேப்னே!"
ஜபருல்லா கத்தியதில் தெருநாய் எழுந்து போனது.

சோலையப்பன் என்னைப் பார்க்கவில்லை.
மேசைத் தூசியில் விரலால்
ஒரு வட்டம் போட்டான்.
நடுவில் ஒரு துளை.
யோசித்து,
விளிம்பில் நக அளவுக்கு ஒரு கோடு.