இரவல் சாவி

நேற்று மாலை லினக்ஸ் போட்டேன்.
முடிந்தது, நன்றி என்றது திரை.
பென் டிரைவை உருவிக்கொண்டு
சூப் குடிக்கப் போனேன்.

காலையில் கறுப்பு.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
விட்டுவிட்டுத் துடிக்கிறது.
பூட் ஆகவில்லை.
பூட்டிக்கொண்டது என்றே சொல்லலாம்.

உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் செம்மறிகள்,
காதுவில்லை எண்ணோடு.
யார் எத்தனை மூட்டை கம்பளி போட்டார்கள்,
யாருக்கு எவ்வளவு பாக்கி.

"ஆடுகள் எங்கே?"
வாசலில் எதுவிகிஸ்.
நான்தான் மலையில் தொலைத்துவிட்டு வந்ததுபோல.

புவெர்த்தோ நதாலெஸ் காற்று
தகரக் கூரையைத் தூக்கிப் பார்த்து
மறுபடி வைக்கிறது.

பயாஸில் வரிசையை மாற்றினேன்.
செக்யூர் பூட்டை அணைத்தேன்.
மாற்றியதை மறுபடி மாற்றினேன்.
கோடு துடிக்கிறது.

கடைசியில், புதிதாகவே போட்டுவிடலாமென்று
பென் டிரைவைச் செருகினால்
தானாக எழுந்துகொண்டது இயந்திரம்.
பட்டி திறந்தாற்போல் அத்தனை ஆடுகளும்.

ஓ.
வீடு கட்டியது இங்கே,
வாசல் வைத்தது பென் டிரைவிலா!

"அப்படியே இருக்கட்டுமே,
டிராக்டரில் சாவி கிடப்பதில்லையா" என்கிறாள்.

இது லெஃப்த்ராருவின் பென் டிரைவ்.
பத்தரைக்குப் பஸ் எடுப்பான்,
புன்த்தா அரேனாஸ் வரை மூன்று மணி நேரம்,
பாட்டு ஏற்றிக்கொள்ள வேண்டுமாம்.

இதோ, வெளியே ஹாரன்.

வாசலை இடம் மாற்றும் கட்டளையை
எழுத்தெழுத்தாக அடிக்கிறேன்,
ஒரு எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து.

இன்னொரு ஹாரன்.

எதுவிகிஸ் கதவைத் திறந்து
காற்றுக்கு மேலாகக் கத்துகிறாள்:
"பொறு! ஆடுகள் ரோட்டைக் கடக்கின்றன!"

அதற்கு மட்டும்
இந்த ஊரில் எந்த பஸ்ஸும் நிற்கும்.