மூன்றாம் விதி

"வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்று
மூன்றாம் முறையாகச் சிவப்பு மையில் எழுதியிருந்தார் வகுப்பாசிரியர்.
சிவப்பு மை துணை முதல்வர் மேசைக்கு வந்தால் கடிதமாகும்.
கடிதம் சந்திப்பாகும்.
சந்திப்புக்கு யாரும் வராவிட்டால்
கோப்பில் ஒரு வரி.
அந்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன்.
எழுதவில்லை.
கைப்பையை எடுத்துக்கொண்டு
மார்சிலிங்குக்குப் பேருந்து ஏறினேன்.

ஒன்பதாம் மாடி.
நடைவழியின் இருபுறமும் ஓரறை வாடகை வீடுகள்.
யாரோ கருவாடு பொரிக்கிறார்கள்,
யாரோ சீன நாடகத்தைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள்.
மின்தூக்கிக்கு எதிரே
விடியும்வரை அணையாத பொதுவிளக்கின் கீழ்
குப்புறப் படுத்துப் பின்னக்கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள் திலோஷினி.
புத்தகப்பையில் தலைவைத்துத் தூங்கினான் தம்பி.

"வீட்ல விளக்கு இல்லையா?"
"கார்டுல காசு முடிஞ்சிருச்சு டீச்சர்.
அம்மாவுக்கு நாளைக்குத்தான் சம்பளம்."
மின்சாரத்தைக்கூட
முன்பணம் கட்டி, துளித்துளியாய் வாங்கும் வீடு.
"செய்றியே, அப்புறம் ஏன் கொண்டுவர மாட்டேங்கிற?"
தாளை நீட்டினாள்.
நான்கு கணக்குகள் சரி.
ஐந்தாவதன் விடை இருந்த இடத்தில்
சின்னதாய் ஒரு பல்வரிசை.

*

நூலகத்தை இரவு ஒன்பது வரை திறந்துவைக்கலாம் என்றேன்.
குளிரூட்டிக் கட்டணம் யார் தலையில்?
பிள்ளை வழுக்கி விழுந்தால் காப்புறுதி?
சாவி யாரிடம்?
எல்லாம் நியாயமான கேள்விகள்,
போன வருடம் நானே கேட்டிருப்பேன்.
ஜனவரியில் இதே அறையில்தான்
ஏணிப்படம் போட்ட திரைக்கு முன்னால் நின்று
"ஒவ்வொரு பிள்ளையும்" என்று பேசினேன்.
கைதட்டினார்கள்.
சாவி யாரிடம் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

"ஒரு பிள்ளைக்காகச் செய்தால்
அதுவே முன்மாதிரியாகிவிடுமே" என்றார் ஒருவர்.
ஆகட்டும் என்றுதான் கேட்கிறேன் என்றேன்.
குரல் கொஞ்சம் நடுங்கியது.
ஆறு வாரம் சோதனை, சாவி உங்கள் பொறுப்பு என்றார் முதல்வர்.

*

முதல் நான்கு இரவு
நானும் காவலாளி ரொஸ்லானும் மட்டும்.
அவர் நாளிதழைப் படித்து முடித்து
விளம்பரங்களையும் படித்து முடித்தார்.

ஐந்தாம் நாள் சிற்றுண்டிச்சாலை வரிசையில் அவளைப் பிடித்தேன்.
ஏன் வரவில்லை?
"கதவுல எழுதியிருக்கே, மூணாவது விதி.
இந்தப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும்னு.
தம்பி மாணவன் இல்லையே டீச்சர்."

அந்த அறிவிப்பை எழுதியது நான்.
தட்டெழுதி, அச்சிட்டு,
நான்கு மூலையிலும் நேராக ஒட்டியதும் நான்.
அன்று மாலை
சிவப்பு மையில் அதை அடித்தேன்.

வெள்ளியன்று வந்தாள், இடுப்பில் தம்பியோடு.
திங்களன்று எதிர்வீட்டு ஹுதா.
பிறகு ஜுன் ஹாவ், படிக்க அல்ல, குளிர்காற்றுக்கு.
பிறகு எங்கள் பள்ளியே இல்லாத ஓர் உயர்நிலைப் பையன்
மூலையில் உட்கார்ந்தான், பெயர் சொல்லவில்லை,
ஜுன் ஹாவுக்கு வகுத்தல் மட்டும் சொல்லிக்கொடுத்தான்.
தம்பி நிலப்பட நூலில் ஆஸ்திரேலியாவைக் கடித்துவிட்டான்.
சேதப் பதிவேட்டில் மிஸ் கோ எழுதினார்:
"காரணம்: பற்கள்."

அரையாண்டுத் தேர்வில் திலோஷினிக்குக் கணக்கில் நாற்பத்தேழு.
முன்பு முப்பத்தொன்று.
"போதுமா டீச்சர்?" என்று தொலைபேசியில் கேட்டார் அம்மா,
பின்னணியில் உணவங்காடித் தட்டுகளின் சத்தம்.
போதாது.
அதை எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள்
இடைவேளை முடிந்து இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

*

நேற்று விளக்குகளை அணைக்கும்போது கேட்டாள்:
"அடுத்த வருஷம் உங்கள வேற ஸ்கூலுக்கு மாத்திருவாங்களாமே.
சாவி யார்கிட்ட இருக்கும்?"

பேருந்தில், பற்றுச்சீட்டின் பின்புறம்
ஆறு பெயர் எழுதினேன்.
இரண்டை அடித்தேன்.
ரொஸ்லானைச் சேர்த்தேன்.
ஐந்து சாவிக்கு எவ்வளவு ஆகும் என்று
வட்டாரக் கடையில் காலையில் கேட்க வேண்டும்.