தொண்ணூற்றாறு

விழா மலருக்குத் தல வரலாறு வேண்டுமாம்.
இரண்டு பக்கத்தில் முடிக்க வேண்டும்,
மூன்றாவது பக்கம்
பெயின்ட் கடை விளம்பரம்.

உப்பனாற்றங்கரைச் சந்தியாகு கோயிலுக்கு
வயது என்னவென்று கேட்டால்
முதுநகரில் ஆளுக்கொரு கணக்கு.
கப்பலின் அடிப்பாரத்துக்கு வந்த கல் என்பார்கள் துறைமுகத்தில்.
இடிந்த கோட்டையின் மிச்சம் என்பார்கள்.
தூணின் கணுக்காலில் இருக்கிற பூவைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு.

அலமாரியில் பதிவேடுகள்.
முதல் நாற்பது வருடம் செல்லரித்துவிட்டது,
ஞானஸ்நானம், மெய்விவாகம் என்று பேதம் பார்க்காமல்.
மிஞ்சியதில் ஒரு மாசி மாதம்
வாந்திபேதி.
சாமியாரின் சாய்ந்த இலத்தீன் எழுத்தில்
வரிசையாக அடக்கம்:
சவேரியம்மாள், வலைக்காரி.
இஞ்ஞாசி, தச்சன்.
பேரில்லாத பிள்ளை.
பேரில்லாத பிள்ளை.
பேரில்லாத பிள்ளை.
பன்னிரண்டாம் தேதி மை மாறுகிறது,
கை மாறுகிறது,
புள்ளி வைக்காத தமிழ் வருகிறது:
'சாமியாரும் சாயங்காலம்.'
அவ்வளவுதான்.
எழுதியவன் தன் பேரைப் போடவில்லை.

பிறகு தானே புயல்.
ஓடெல்லாம் ஆற்றில்.
சுண்ணாம்பு பெயர்ந்த சுவரில்
சக்ரீஸ்து வாசலை ஒட்டி
எழுத்தோடு ஒரு கல், தலைகீழாக.
படியெடுக்க வந்த தில்லைக்கரசி
ஈரத்தாளைத் தூரிகையால் அடித்து அடித்து
தரையில் படுத்து, கழுத்தைத் திருப்பி வாசித்தார்:
யாரோ ஒருத்தி
(பேர் இருந்த இடம் உடைந்திருக்கிறது)
நொந்தா விளக்கு ஒன்றுக்கு வைத்த
சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.
எந்தக் கோயிலுக்கு என்பது
அடுத்த கல்லில் இருக்கும் என்றார்.
அடுத்த கல் எது?
சுவர் முழுக்கக் கல்தான்.
பெயர்த்துப் பார்க்கலாமா என்றேன். சிரித்தார்.

அப்போது பதினெட்டு நாள் கரண்ட் இல்லை.
பேழைக்கு முன்னால் சிவப்பு பல்பு செத்துக் கிடக்க,
கோயில்பிள்ளை பிலவேந்திரன்
ஜாம் பாட்டிலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக்
கொண்டுவந்து வைத்தார்.
எண்ணெய் யார் கொடுத்தது என்றதற்கு
'அது எதுக்கு, எரியுதுல்ல' என்றார்.
இதையும் எழுதினேன்.

புரூஃப் திரும்பி வந்தது.
பிலவேந்திரனை அடித்திருந்தார் பங்குச் சாமியார்,
இடமில்லை.
தொண்ணூற்றாறை வட்டமிட்டுத்
தொண்ணூற்றொன்பது ஆக்கியிருந்தார் பச்சை மையில்,
அச்சுப் பிழையென்று நினைத்து.
ஓரத்தில், லூக்கா பதினைந்து.

சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன்.
எண்ணூறு வருடத்து நடுநாட்டு மந்தைக்குள்
மூன்று குட்டிகள் புதிதாக வந்து நின்றன,
காதில் அடையாளமில்லாமல்.
அந்த மூன்றை விரட்டக் கை வரவில்லை.

அதற்குள் அச்சகத்திலிருந்தே அழைப்பு,
'சார், ஓட்டலாமா?'

ஓட்டுங்க என்றேன்.