பட்டாணி அளவு

விசிறியைக் கழற்றியதும்
புதினா மணந்தது.
"பற்பசையோ வச்சனீங்கள்?"
சிவகடாட்சம் தொப்பியைக் கையில் சுருட்டினார்.
"ஓம். அதுவும் வெள்ளையாய்த்தானே இருக்கும் எண்டு..."

நாலு நாள் ஓடியிருக்கிறது.
ஐந்தாம் நாள் ஈரம் வற்றிச் சுண்ணாம்பாகி,
தொண்ணூற்றெட்டுப் பாகையில்
தானே அணைந்துவிட்டது கணினி,
மகள் சோதனையில் ஒன்பதாம் கேள்விக்கு வந்தபோது.

வெளியே எலிஸ் அவென்யூவில்
மைனஸ் முப்பத்தொன்று.
இரவெல்லாம் வினிபெக் தெருக்களில்
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவர் இவர்.
நான் பிளாஸ்டிக் அட்டையால்
செப்புத் தகட்டை வழிக்கிறேன்.
"அலகைச் சரிச்சுப் பிடியும் தங்கச்சி,
நட்டுக்குத்தாய்ப் பிடிச்சால் கீறும்."
சரித்துப் பிடித்தேன். கீறவில்லை.

சிப்பின் மூடியில் முகம் பார்க்கலாம்.
செப்பிலும் பார்க்கலாம்.
ஆனால் எத்தனை இறுக்கித் திருகினாலும்
மேடு மேட்டைத்தான் தொடும்.
கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலெல்லாம்
காற்று குந்தியிருக்கும்.

இந்த ஊரில் காற்று நல்ல பெயர் எடுத்தது.
இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் நடுவிலும்
இவருடைய ஜாக்கெட்டின் இறகுகளுக்குள்ளும்
அசையாமல் நின்று
நம் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.
இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறது, பாவம்.
கொதிக்கிற சிப்புக்குப்
போர்வை போர்த்துகிறது.

அதைத் துரத்தத்தான் இந்தச் சாம்பல் பசை.
குளிரூட்டுகிற மருந்தில்லை, அண்ணை.
செப்பைவிட மந்தம்.
காற்றைவிட எவ்வளவோ மேல்.
பள்ளம் நிரம்பினால் போதும்.

"இன்னுங் கொஞ்சம் விடுமன், காசு தாறன்."

பட்டாணி அளவுதான்.
கூடினால் பசையே சுவர்.

திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கினேன்.
நாற்பத்தேழு. ஐம்பத்தொன்று.
ஐம்பத்து நாலில் நின்றது.
"அப்ப அந்தச் சூடு எங்க போட்டுது?"

பெட்டியின் முதுகைத் திருப்பிக் காட்டினேன்.
கையுறைகளைக் கழற்றினார்.
விசிறி தள்ளும் காற்றில்
பத்து விரலையும் விரித்து வைத்தார்.

அவர் வண்டி எடுக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.
கடையில் வேறு யாரும் இல்லை.
சோதித்து முடித்த கணினியை
நான் அணைக்கவில்லை.